கேட்காத காதும் காணாமல் போன ஒட்டகமும்

“பாஸ், ஒட்டகத்தத் தேடி வந்துட்டு இப்ப ரேடியோ வாங்கப் போறோம். பல் புடுங்க வந்தவன் செருப்புக் கடைக்குள்ள போற மாதிரி இல்ல இது?”

கேட்டது டூலி. அவனுடைய முதலாளி ஐரிஸ் பென்ஹாலிகன், துப்பறியும் தொழிலில் பேர் போனவள், வண்டியைப் பழைய ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி நிறுத்துவதிலேயே கண்ணாக இருந்தாள். முல்காரா ஊரில் உருப்படியான நிழல் அது ஒன்றுதான். டூலி பிறப்பதற்கு முன்பே இழுத்து மூடிய கம்பெனி. கல் சுவர் மட்டும் கோட்டை மாதிரி நிற்கிறது. கதவு அந்தப் பக்கம், உப்புப் பாலையைப் பார்த்து.

இறங்கியதும் ஈ மொய்த்தது. மூக்கில் ஒன்று, காதில் ஒன்று, வாயைத் திறந்தால் மூன்று.

“அடச்சே! ஊருக்கு வெளிய ஜனத்தொகை எண்பதுன்னு போர்டு வெச்சிருக்கானுங்க. ஈயையும் சேத்து எழுதியிருந்தா சிட்னிய மிஞ்சியிருக்கும்.”

“மத்த தெருவுல இவ்வளவு இல்லையே,” என்றாள் ஐரிஸ். சுவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தாள்.

காணாமல் போனது பிஸ்கட். மில்லி கானின் பெண் ஒட்டகம். புதன்கிழமை சாயந்திரம் பந்தய மைதானத்துக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தது. இருட்டியபோது இல்லை. இன்றைக்கு வெள்ளி. நாளைக்கு முல்காரா கோப்பை ஒட்டகப் பந்தயம். இன்று மாலை ஐந்து மணிக்குள் பந்தய அதிகாரி முன்னால் ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தவில்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

கோப்பை போனால் போகிறது என்று விட முடியாது. ஜெயிக்கிறவருக்குத்தான் அடுத்த வருஷம் முழுக்க நீர்க்குளக் கரையில் ஒட்டகச் சவாரி விடும் உரிமை. மில்லிக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து ஒட்டகக்காரக் குடும்பம். உரிமை போய்விட்டால் பிஸ்கட்டை விற்றுவிட்டு அடிலெய்டில் அக்கா வீட்டோடு போய் ஒண்ட வேண்டியதுதான். தாயில்லாத குட்டியாக வந்ததைப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள். காலையில் அவளே இதையெல்லாம் சொன்னாள்.

ஊருக்கு இருக்கிற ஒரே போலீஸ்காரரோ பீர் லாரி எங்கோ மணலில் புதைந்துவிட்டது என்று அதைத் தூக்கப் போயிருந்தார். பந்தய வாரத்தில் முல்காராவுக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரியும்.

சந்தேகம் யார் மேல் என்பதில் சந்தேகமே இல்லை. டென்ஸில் க்ரோ. அவனுக்கும் சவாரி உரிமை மேல் கண். ஆனால் டென்ஸில் புதன்கிழமை சாயந்திரம் ஊரிலேயே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு முகாம் போட இடம் பார்க்கிறேன் என்று கருங்கல் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போயிருக்கிறான். அரை நாள் வழி, அதுவும் சாலையே இல்லாத வழி. அங்கிருந்து சூரியன் விழுகிற நேரத்தில் வண்டி ரேடியோவில், வாக்கி-டாக்கி மாதிரி, பப் ரேடியோவோடு பேசினான். பப்பில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். இன்னும் அவன் திரும்பவில்லை.

பப் நடத்தும் பெவ் அதை மூக்கு விடைக்கச் சொல்லியிருந்தாள். “நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு. ‘பள்ளத்தாக்கு வந்து சேந்துட்டேன், எல்லாம் சுகம்’னான். நாளைக்குத் திரும்புவியா, உனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணுமான்னு நான் தொண்டை கிழியக் கேக்குறேன். காதுலயே வாங்கலம்மா! அவன் பாட்டுக்குப் பேசிட்டு ‘சரி, குட் நைட்’டுன்னு போயிட்டான். என்ன திமிரு பாருங்க!”

அந்த இடத்தில்தான் ஐரிஸ் எழுந்தாள். “டூலி, வா. ரேடியோ வாங்கணும்.”

வாங்க வேண்டியது நிஜம்தான். வண்டியில் இருந்த பழைய ரேடியோவுக்குப் போன வாரம் டூலி ஒரு கிளாஸ் எலுமிச்சை சர்பத் குடிக்கக் கொடுத்திருந்தான்.

*

ஓட்டோ ஷுல்ஸின் கடையில் நுழைந்ததுமே டூலி காதலில் விழுந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரேடியோ பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டியது. பக்கத்தில் அவன் உயரத்துக்கு ஒரு ஆண்டெனா.

“பாஸ், இதுவும் இதுவும். வேற பேச்சே வேண்டாம்.”

ஓட்டோ மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “தம்பி, நீ வண்டிக்கு ரேடியோ பாக்குறியா, கிறிஸ்துமஸ் மரம் பாக்குறியா?”

“எது அதிக பவருன்னு சொல்லுங்க பெரியவரே, அதையே எடுத்துக்கறோம்.”

“எல்லாமே அஞ்சு வாட்டுதான். சட்டம் அதுக்கு மேல விடாது. லைட் எரியறதுக்குக் காசு குடுக்காத, ஆண்டெனாவுக்குக் குடு. முதல்ல இதச் சொல்லு, நீ எங்க வண்டி ஓட்டுவ? சமவெளியா, பள்ளமா?”

“எங்க பாஸ் ஓட்டினா எல்லாமே பள்ளம்தான்.”

ஐரிஸ் சிரிக்கவில்லை. ஓட்டோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டெனாவை எடுத்து மேஜையில் வைத்தார். “இந்த நெட்டைக் குச்சி இருக்கே, குரலத் தட்டையா அமுக்கித் தூரமா அனுப்பும். சமவெளிக்கு ராஜா. ஆனா மேடு பள்ளத்துல தலைக்கு மேல போயிரும், மலையடில இருக்கறவனுக்குக் கேக்காது. இந்தக் குட்டைக் குச்சி குரல உருண்டையா எல்லாப் பக்கமும் விடும். மேல, கீழ, பக்கவாட்டுல. ஆனா நேரா ரொம்பத் தூரம் போகாது. ஊரத் தாண்டினா மூச்சு வாங்கும்.”

“அப்ப இந்தக் கையடக்க ரேடியோ? பாக்கெட்ல போட்டுக்கலாமே. ஆண்டெனா செலவும் மிச்சம்.”

“எறங்கி நின்னு வண்டிக்கு வழி காட்ட அது நல்லது. கூட ஒண்ணு வெச்சுக்க. ஆனா தகரக் கூடாட்டம் இருக்கற வண்டிக்குள்ள உக்காந்து அதுல பேசினா, பானைக்குள்ள தலையை விட்டுக் கத்துற மாதிரிதான்.”

“டென்ஸில் எதை வாங்கினான்?” என்றாள் ஐரிஸ். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

“குட்டைக் குச்சி. போன மாசம். பள்ளத்தாக்குப் பக்கம் போறேன்னான். நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

டூலி குறுக்கே விழுந்தான். “ஊரத் தாண்டினா மூச்சு வாங்கும்னீங்க. அவன் அரை நாள் தூரத்துல இருந்து பேசியிருக்கானே?”

“அட, ரிப்பீட்டர் எதுக்கு இருக்கு? சேணக் குன்று உச்சில ஒரு பெட்டி இருக்கு பாரு, நாந்தான் அதப் பாத்துக்கறேன். பள்ளத்துல இருந்து குட்டைக் குச்சி அந்தக் குன்றத் தொட்டாப் போதும். பெட்டி வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்லும். ஆனா ஒண்ணு. பேசறதுக்கும் கேக்கறதுக்கும் வழி வேற. ரிப்பீட்டர் பொத்தானப் போட்டா நீ பேசுறது ஒரு வழில மேல போகும், கேக்கறது மூணாவது சேனல்ல கீழ வரும். பொத்தான அணைச்சா ரெண்டுமே மூணாவது சேனல்ல நேராப் போகும், வரும். இரு, காட்டுறேன். பேசிட்டுக் கைய எடுத்தா, பெட்டி ‘க்ரிஷ்க்’னு ஒரு சத்தம் குடுக்கும். வந்துட்டேன்னு அர்த்தம்.”

டூலியின் காதலியையே எடுத்துக் கம்பி மாட்டினார். மூன்றாவது சேனல். ரிப்பீட்டர் பொத்தான். மைக்கை அழுத்தினார். “சோதனை, சோதனை.” கையை எடுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

“பாத்தியா? லைட்டு ஜாஸ்தி, சரக்கு கம்மி.” வேறொரு ரேடியோவை மாட்டினார். அதுவும் ஊமை. மூன்றாவதையும் மாட்டினார். பிறகு நெட்டைக் குச்சி. மனுஷன் முகத்தில் வியர்வை.

“பெரியவரே, இது ரேடியோக் கடையா, ரேடியோ சவக்கிடங்கா?”

“சும்மா இரு தம்பி!” ஓட்டோவின் குரலில் நிஜமான பதற்றம். “நான் சரக்கு எடுக்கத் திங்கக்கிழமை போனவன், இன்னிக்குக் காலைலதான் வந்தேன். ரேடியோ எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேல… மேல பெட்டிதான் போயிருக்கு.”

ஐரிஸ் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். அந்தக் கண்ணில் வந்த வெளிச்சம் டூலிக்குப் பழக்கமானது. அது வந்தால் மதியச் சாப்பாடு கிடையாது.

“ஓட்டோ, ரிப்பீட்டர் செத்துப் போச்சுன்னா, பள்ளத்தாக்குல இருக்கறவன் குரல் பப்புக்கு வருமா?”

“வரவே வராது. நடுவுல குன்று சுவராட்டம் நிக்குதே.”

“வண்டிய எடு டூலி.”

*

குன்றின் உச்சியில் அவர்கள் பெட்டியைத் திறந்தபோது கருகிய வாடை குப்பென்று அடித்தது. உள்ளே இருந்த சர்க்யூட் பலகை கரித்துண்டாக இருந்தது. கம்பத்திலிருந்து பெட்டி வரைக்கும் மின்னல் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. ஓட்டோ தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் நிற்பது போல.

“செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு இடி இடிச்சுதாம். பெவ்வு சொன்னா, பப்புல கரண்டே போயிருச்சாம்,” என்றார். “இந்த வருஷத்துல வந்த மழையே அது ஒண்ணுதான்.”

டூலி விரல் விட்டு எண்ணினான். “செவ்வாய் இடி. புதன் டென்ஸில் பேச்சு. இன்னிக்கு வெள்ளி. இடையில ஊர்ல ஒருத்தருக்குக் கூடவா தெரியல?”

“எப்படித் தெரியும்? புதன்கிழமை மூணாவது சேனல்ல டென்ஸில் குரல் வந்துச்சே. பள்ளத்தாக்குல இருந்து பேசுறான்னா ரிப்பீட்டர் நல்லா இருக்குன்னுதானே ஊரு நம்பும்?” ஐரிஸ் கருகிய பலகையைத் தட்டினாள். “அவன் ஊருக்குப் பக்கத்துலயே இருந்திருக்கான். பொத்தானப் போட்டுப் பேசிப் பாத்திருக்கான், ‘க்ரிஷ்க்’ வரல. பேச்சு பப்புக்குப் போயே ஆகணும், அதுக்காகத்தானே நாடகமே! பொத்தான அணைச்சிட்டு மூணாவது சேனல்ல நேராப் பேசிட்டான். அது பப்புக்குப் போச்சு. ஆனா பெவ் ரேடியோல பொத்தான் போட்டபடியேதான் இருக்கு. அவ பேசினது செத்துப்போன இந்தப் பெட்டிக்கு வந்துச்சு. அவனுக்குப் போகல.”

டூலி வாயைப் பிளந்தான். ஒரு ஈ அதைப் பயன்படுத்திக்கொண்டது. “தூ! அப்ப அவன் திமிர்ல பதில் சொல்லாம இல்ல?”

“கேக்கல. பெவ் அவனத் திட்டினப்பவே எனக்கு உறுத்திச்சு. தான் நல்லவன்னு ஊருக்குக் காட்டப் பேசுறவன், சாப்பாடு வைக்கட்டுமான்னு கேட்டா விடுவானா? வை, வைன்னு நாலு தடவ சொல்லியிருப்பான்.”

“பாஸ், அப்ப கேஸ் முடிஞ்சுது! ஆளப் புடிச்சுருவோம்!”

“எங்க புடிப்ப? ‘மின்னலுக்கு அப்புறமும் பெட்டி வேலை செஞ்சுது, வியாழக்கிழமைதான் செத்துச்சு’ன்னு அவன் வக்கீல் சொல்லுவான். பெட்டி செத்த நாளு பெட்டிக்கே தெரியாது.” ஐரிஸ் பலகையை உருவித் துணியில் சுற்றினாள். “அவன் இன்னொரு தடவ பேசணும். இன்னிக்கு. எல்லாருக்கும் முன்னால. ஓட்டோ, எங்களுக்கு ஒரு ரேடியோ. லைட் இல்லாதது. நெட்டைக் குச்சியோட.”

“கண் சிமிட்டுறது…” என்று ஆரம்பித்தான் டூலி.

“லைட் இல்லாதது.”

*

நாலரை மணிக்கு பப்பில் மூச்சு விட இடமில்லை. புழுதியும் பீரும் வறுத்த ஆட்டிறைச்சியும் சேர்ந்த வாடை. மில்லி ஒரு மூலையில் ஒட்டகக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றின் மறுமுனையில் யாருமில்லை. பந்தய அதிகாரி இரண்டு தரம் வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

டூலி புது ரேடியோவை ஒரு பாட்டரியில் மாட்டி பார் மேஜை மேல் வைத்தான். பக்கத்தில் ஒரு மேஜை துடைக்கும் துண்டுக்கு அடியில் ஏதோ ஒன்று. ஓட்டோ ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கட்டினார்.

“பொத்தான் போடாத,” என்றாள் ஐரிஸ். “மூணாவது சேனல். நேரா.”

“பாஸ், அவன் கேட்டுட்டு இருப்பானா?”

“திருடனுக்குக் காது எப்பவும் ஊர்ப் பக்கம்தான். ரெண்டு நாளா ஒரு சத்தமும் வராமத் தவிச்சிட்டு இருப்பான். பெவ், பேசு. அன்னிக்குக் கேட்டதையே கேளு.”

பெவ் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். “டென்ஸிலு! சாப்பாடு எடுத்து வைக்கணுமா வேணாமா? இன்னிக்காவது வாயத் திறப்பியா?”

இரைச்சல். பிறகு குரல் வந்தது. அடுத்த அறையில் இருப்பது மாதிரி.

“அட பெவ்வு! அன்னிக்கு என்ன ஒரு பேச்சும் காணோம், எம்மேல கோவமோன்னு நெனச்சேன். வை, வை, ஆட்டுக்கறி நெறைய வை. நாளைக்குக் காலைல வந்துருவேன்.”

 ஐரிஸ் மைக்கை வாங்கினாள். “டென்ஸில், நான் ஐரிஸ். மில்லி ஒட்டக விஷயமா வந்திருக்கேன். இப்ப எங்க இருக்கீங்க?”

“பள்ளத்தாக்குலதாம்மா. சுத்திப் பாறை. ஆள் நடமாட்டமே கெடையாது. பாவம் அந்தப் பொண்ணு. ஒட்டகம் கெடைச்சுதா?”

“குரல் ரொம்பத் தெளிவா வருதே?”

“ரிப்பீட்டர் இருக்குல்ல! ஓட்டோ நல்லா வெச்சிருக்காரு.”

ஐரிஸ் துண்டை உருவினாள். கரிக்கட்டையாகக் கிடந்த பலகையை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். “அவரு சொல்ற ரிப்பீட்டர் இதுதான்,” என்றாள், மைக்கை அழுத்தாமல். “மத்தியானத்துல இருந்து துண்டு போத்திப் படுத்திருக்கு.”

 பெவ் அடித்த விசிலில் கண்ணாடி கிளாஸ்கள் நடுங்கின. “அடப்பாவி! பக்கத்துல இருந்துக்கிட்டாடா எங்கிட்ட ஆட்டுக்கறி கேட்ட!”

மில்லி அதற்குள் எழுந்து வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. மைக்கை எடுத்தாள். தினமும் தீனி வைக்கும்போது கூப்பிடுகிற அதே குரலில், மெதுவாக, “பிஸ்கட்… ஏ பிஸ்கட்… எங்கடி இருக்க? வாடி கண்ணு, வா,” என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

“ஏம்மா மில்லி,” ரேடியோவில் டென்ஸில் சிரித்தான், “ரேடியோல கூப்பிட்டா ஒட்டகம் வந்து…”

அதற்கு மேல் அவன் பேசியது கேட்கவில்லை. ரேடியோவுக்குள்ளிருந்து ஒரு கதறல் கிளம்பியது. நீளமான, கரகரத்த, அடிவயிற்றிலிருந்து வரும் ஒட்டகக் கதறல். அதே கதறல் ஜன்னல் வழியாகவும் வந்தது.

பப்பில் இருந்த அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. தெருவுக்கு அந்தப் பக்கம், எந்தச் சுவர் நிழலில் அவர்கள் வண்டி நின்றதோ அந்தப் பழைய ஐஸ் கம்பெனி.

“பாஸ்,” என்றான் டூலி ஈனக் குரலில், “ஒட்டகத்து மேலயே வண்டியச் சாத்தி வெச்சிட்டு ஊரெல்லாம் ஒட்டகத்தத் தேடியிருக்கோம்.”

“நீ தேடின. ஈ மொய்ச்சப்பவே எனக்குச் சந்தேகம். ஐஸும் இல்லாத, ஆளும் இல்லாத கட்டடத்துல ஈக்கு என்ன வேலை? சாணி இருக்கணும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லி? கதவ உடைச்சு ஒட்டகத்த எடுத்திருப்போம். ‘நான் பள்ளத்தாக்குல இருந்தேன், எவனோ கட்டிட்டுப் போயிட்டான்’னு உன் காதுல பூ சுத்திட்டு நாளைக்குப் பந்தயத்துல வந்து நின்னிருப்பான். இப்ப ஊரே சாட்சி. ஓடு!”

*

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு உப்புப் பாலைப் பக்கம் போனபோது கதவு பாதி திறந்திருந்தது. தீவனம் போட வந்தவன் காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கிறான். அவன் வண்டியின் மூக்கும் குட்டைக் குச்சியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே டென்ஸில், மைக்கைக் கையில் பிடித்தபடி, பேந்தப் பேந்த விழித்தான்.

“நான்… இப்பதாங்க பள்ளத்தாக்குல இருந்து வந்து இறங்குறேன்…”

“அரை நாள் வழிய அரை நிமிஷத்துல வந்துட்டீங்களே சார்,” என்றான் டூலி. “ஒட்டகம் எதுக்கு? நாளைக்கு உங்களையே ஓட விட்டுரலாம்.”

பின்னால் ஓடி வந்த ஊர் சிரித்த சிரிப்பில் டென்ஸில் மைக்கைக் கீழே போட்டான். பெவ் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். போலீஸ்காரர் வரும்வரை அவள் விடப் போவதில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

ஆனால் மில்லி அங்கே பார்க்கவே இல்லை. பிஸ்கட் நீளக் கழுத்தை வண்டி ஜன்னலுக்குள் விட்டு, ரேடியோவின் ஒலிபெருக்கியை நக்கிக்கொண்டிருந்தது. மில்லியின் குரல் அதற்குள்ளிருந்துதானே வந்தது? மெல்ல நக்கிவிட்டு, காதை வைத்துப் பார்த்தது. மறுபடி நக்கியது.

“பிஸ்கட்!”

ஒட்டகம் காதை ஆட்டியது. திரும்பவில்லை. பெட்டிக்குள் இருக்கும் மில்லியை விட்டுவிட்டு வர அதற்கு மனசில்லை. இன்னும் உள்ளே தலையை நுழைத்தது.

“மணி ஆகுதும்மா,” என்றார் பந்தய அதிகாரி வாசலிலிருந்து. அவர் கையில் கடிகாரம் இருந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தது. பிஸ்கட்டின் தாடைக்குக் கீழே கையை நுழைத்து, தடவித் தடவி, டென்ஸிலின் ரேடியோவை அணைத்தாள். இரைச்சல் நின்றது.

“இங்கடி,” என்றாள், அதன் காதோரமாக.

பிஸ்கட் தலையை வெளியே இழுத்தது. பெட்டியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு அந்தப் பெரிய, எச்சில் ஒழுகும் தலையைக் கொண்டுவந்து அவள் தோளில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. மில்லி கயிற்றை அதன் கழுத்தில் மாட்டி, பந்தய அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.